பட்டியலில் கீழே இருப்பவர்கள்: பாஸ்டன் 2025 நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 24, திங்கள்

சியோலில் நடந்த ஃபிகர் ஸ்கேட்டிங் (பனிச்சறுக்கு) நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப், அதாவது ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கான போட்டியின், ஆடவர் பிரிவில் கஜகஸ்தானின் மிகயில் ஷைதோரோவ் தங்கம் வென்றிருக்கிறார். அவருடைய மொத்தம் 285.10, இரண்டாம் இடம் பெற்ற தென்கொரியாவின் சா ஜுன்-ஹ்வானுக்கு 265.02. 2023-இல் உலக வெள்ளி வென்ற ஒருவரை, அவருடைய சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையிலேயே 20 புள்ளிகள் பின்தங்க வைப்பது சிறிய காரியமல்ல. உலக சாம்பியனான அமெரிக்காவின் இலியா மாலினினும் ஜப்பானின் யூமா ககியாமாவும் அங்கே களமிறங்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பலர் இந்த வெற்றியைக் கடந்துவிடுவார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனமில்லை. மார்ச் இறுதியில் பாஸ்டனில் உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. அங்கே பலரும் எதிர்பாராத பதக்கம் யாருக்குக் கிடைக்கக்கூடும் என்பதைப் போட்டிக்கு முன்பே காரணங்களோடு எழுதிவைக்க விரும்புகிறேன். முதல் பெயராக ஷைதோரோவை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு மாண்ட்ரியல் உலகப் போட்டியில் அவர் முதல் 10 இடங்களுக்குள் வரவில்லை. பருவத்தின் சிறந்த ஆறு பேர் மட்டும் மோதும், டிசம்பரில் நடந்த கிராண்ட் பிரி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றும் பதக்கமில்லாமல்தான் திரும்பினார். இடங்களை மட்டும் பார்த்தால் அவர் நடுத்தர வீரர். மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தால் தெரிவதோ வேறொரு மனிதர். இந்தப் பருவத்தில் அவர் மூன்றரைச் சுற்று ஆக்ஸல், ஒரு ஆய்லர் (இணைப்புத் தாவல்), அதைத் தொடர்ந்து நான்குச் சுற்று சால்கோ என்று மூன்று வகைத் தாவல்களை ஒரே மூச்சில் செய்கிறார். ஆக்ஸலுக்கு 8.0, ஆய்லருக்கு 0.5, சால்கோவுக்கு 9.7 என்று கூட்டினால் அந்த ஒரு கோவையின் அடிப்படை மதிப்பு (கடினத்துக்காக விதிப்படி கிடைக்கும் புள்ளி) மட்டும் 18.2 ஆகிறது. மற்ற முன்னணி வீரர்கள் வழக்கமாகச் செய்யும் நான்குச் சுற்று டோ லூப், மூன்றுச் சுற்று டோ லூப் கோவைக்கு 13.7 தான். ஷார்ட் புரோகிராம் என்னும் குறுகிய நிகழ்ச்சிக்குப் பின் வரும் நீண்ட நிகழ்ச்சியான ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழு தாவல் வாய்ப்புகள் மட்டுமே உண்டு என்னும்போது, ஒரே வாய்ப்பில் நாலரைப் புள்ளி கூடுதலாகக் கிடைப்பது பெரிய விஷயம். அவரைப் பயிற்றுவிப்பவர் 1994 ஒலிம்பிக் சாம்பியன் அலெக்ஸி உர்மானோவ் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

எதிர்பாராத பதக்கம் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை மதிப்பெண் தாளில் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன. இடவரிசை அவற்றை மறைத்துவிடுகிறது. இதுதான் என் நிலைப்பாடு, பழைய போட்டிகளை மீண்டும் படிக்கப் படிக்க அது வலுப்படுகிறது.

2013 பிப்ரவரியில் ஒசாகாவில் நடந்த நான்கு கண்டங்கள் போட்டியில் கஜகஸ்தானின் டெனிஸ் டென் 12-ஆம் இடம் பெற்றார். அடுத்த மாதமே கனடாவின் லண்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் 266.48 புள்ளிகள் எடுத்து, 267.78 எடுத்துத் தங்கம் வென்ற கனடாவின் பேட்ரிக் சானுக்கு மிக அருகில் வந்து வெள்ளி வென்றார். ஃப்ரீ ஸ்கேட்டை மட்டும் தனியாக எண்ணினால் முதலிடமும் அவருக்குத்தான். ஒரு மாதத்தில் யாரும் புதிதாகச் சறுக்கக் கற்றுக்கொள்வதில்லை. அவரிடம் எப்போதும் இருந்த உச்சம் அன்று முழுமையாக வெளிப்பட்டது, அவ்வளவுதான். 2018-இல் அல்மாட்டியில் அவர் கொல்லப்பட்ட செய்தியை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. அதே நகரிலிருந்து வந்தவர்தான் ஷைதோரோவ்.

2019-இல் சைதாமாவில் வெள்ளி வென்ற எலிசபெத் துர்சின்பாயேவாவும் கஜகஸ்தானைச் சேர்ந்தவரே. சீனியர் உலகப் போட்டியில் நான்குச் சுற்றுத் தாவலைச் சரியாக முடித்த முதல் பெண் அவர். கடந்த ஆண்டு மாண்ட்ரியலில் பிரான்ஸின் அடாம் சியாவோ ஹிம் ஃபா ஷார்ட் புரோகிராமில் 77.49 மட்டுமே பெற்று 19-ஆம் இடத்தில் இருந்தார். ஃப்ரீ ஸ்கேட்டில் 206.90 எடுத்து வெண்கலத்துக்கு ஏறினார். அவர் அப்போது ஐரோப்பிய சாம்பியன் என்பதை மறந்தவர்களுக்குத்தான் அது அதிசயம்.

ஆகவே நான் தேடுவது இரண்டு விஷயங்களை. ஒன்று, திட்டமிட்ட தாவல்களின் அடிப்படை மதிப்பு மேலே இருப்பவர்களுக்கு நிகராக இருக்கிறதா என்பது. மற்றொன்று, மேலே இருப்பவர்களின் திட்டத்தில் விழுவதற்கு எவ்வளவு இடமிருக்கிறது என்பது. லுட்ஸ் என்னும் தாவலை நான்குச் சுற்றுடன் செய்தால் அதன் மதிப்பு 11.5. முழுச் சுற்றும் முடித்து, இறங்கும்போது விழுந்தால் அதில் பாதி போய்விடும், அதன்மேல் விழுந்ததற்கு ஒரு புள்ளி கழியும், மிஞ்சுவது 4.75. பிழையில்லாத மூன்றுச் சுற்று லுட்ஸுக்கே 5.9 கிடைக்கும். உச்சியில் இருப்பவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் தடுமாறும் நாளில் அந்த இடத்தை நிரப்ப யார் தயாராக இருக்கிறார் என்று கேட்பதுதான் முன்கணிப்பு.

மார்ச் 13, வியாழன்

மகளிர் பிரிவில் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. மூன்றரைச் சுற்று ஆக்ஸல் செய்பவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லாரும் ஏறக்குறைய ஒரே தாவல்களைத்தான் செய்கிறார்கள். எனவே இங்கே உச்சத்தின் உயரத்தைவிடக் கழிவுகளின் அளவே வரிசையைத் தீர்மானிக்கிறது. சுற்று கால் வட்டத்துக்குமேல் குறைந்தால் அடிப்படை மதிப்பில் 80 சதவீதம்தான் மிஞ்சும், தாவலின் தரத்துக்கு நடுவர்கள் தரும் செய்நேர்த்திப் புள்ளியும் இறங்கும். தொலைக்காட்சியில் அழகாகத் தெரிந்த ஒரு நிகழ்ச்சி, நடுவர்கள் மெதுவோட்டத்தில் பார்த்து முடித்தபின் எட்டுப் பத்துப் புள்ளி இழந்து நிற்பதை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

ஜப்பானின் காவோரி சகமோட்டோ 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றவர். 1966 முதல் 1968 வரை வென்ற பெக்கி ஃபிளெமிங்குக்குப் பிறகு மகளிர் பிரிவில் இது நிகழ்ந்ததில்லை. அமெரிக்காவின் ஆம்பர் கிளென் டிசம்பரில் கிராண்ட் பிரி இறுதிப் போட்டியை வென்றார். பெரும்பாலான பேச்சு இந்த இருவரைச் சுற்றியே நடக்கிறது.

நான் எழுதும் பெயர் ஆலிசா லியு. 13 வயதில் அமெரிக்க சாம்பியனாகி, 2022-இல் உலக வெண்கலம் வென்று, 16 வயதில் ஓய்வை அறிவித்து, கல்லூரிக்குப் போய், இந்தப் பருவத்தில் திரும்பி வந்தவர். சியோலில் அவருக்கு நான்காம் இடம்தான். ஆனால் ஜனவரியில் விச்சிட்டாவில் நடந்த தேசியப் போட்டியில் கிளென் எடுத்த 216.79-க்கு எதிராக இவர் எடுத்தது 215.33. பருவம் முழுவதும் வீழ்த்த முடியாதவர் என்று போற்றப்படும் ஒருவரோடு ஒன்றரைப் புள்ளி இடைவெளிகூட இல்லாதவரை வெறும் 'திரும்பி வந்தவர்' என்று மட்டும் வரவேற்பது அவருக்கு நியாயம் செய்வதாகாது. சிறு வயதில் அவரை அடையாளப்படுத்திய மிகக் கடினமான தாவல்கள் இப்போதைய திட்டத்தில் இல்லை என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதை அனுகூலமாகவே படிக்கிறேன். ஷார்ட் புரோகிராமில் மூன்றரைச் சுற்று ஆக்ஸல் செய்து விழுந்தால் மிஞ்சுவது 3.0, பிழையில்லாத இரண்டரைச் சுற்று ஆக்ஸலுக்கு 3.3. லியு இந்தச் சூதாட்டத்துக்குள் போகவேண்டிய தேவை இல்லை.

ஜப்பானின் மோனே சிபாவை எதிர்பாராதவர் என்று சொல்லத் தயங்குகிறேன். கிராண்ட் பிரி இறுதியில் வெள்ளி வென்றவர் அவர். இருந்தும் பொதுப் பேச்சில் அவர் பெயர் குறைவாகவே அடிபடுவதால் இங்கே குறித்துவைக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

போட்டி நடக்கும் டிடி கார்டன் அரங்கில்தான் 2016 உலகப் போட்டியும் நடந்தது. அங்கே ஜப்பானின் யுசுரு ஹன்யு ஷார்ட் புரோகிராமில் 12 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும் ஸ்பெயினின் ஹவியர் ஃபெர்னாண்டஸ் ஃப்ரீ ஸ்கேட்டில் கடந்து சென்று தங்கம் வென்றார். மகளிர் பிரிவில் ஷார்ட் புரோகிராமின் முடிவில் நான்காவதாக இருந்த அமெரிக்காவின் ஆஷ்லி வாக்னர் வெள்ளிக்கு ஏறினார். முன்னிலையில் இருந்த இன்னொரு அமெரிக்கரான கிரேசி கோல்ட் நான்காம் இடத்துக்கு இறங்கினார். இந்த அரங்கின் பனிக்குத் தனிக் குணம் இருப்பதாக நான் நம்பவில்லை. 12 புள்ளி என்பது ஆடவர் ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு தாவல்களின் விலைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸ் பிரிவில் இத்தகைய தாவல்கள் இல்லாததால் அதிர்ச்சிகள் அரிது. அங்கே நான் கவனிக்கும் ஜோடி பிரிட்டனின் லைலா ஃபியர், லூயிஸ் கிப்சன்.

மார்ச் 26, புதன்

ஜனவரி 29 அன்று வாஷிங்டன் அருகே நடந்த விமான விபத்தில் இறந்த 67 பேருக்கு அரங்கில் இன்று அஞ்சலி செலுத்தப்பட்டது. விச்சிட்டாவில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய இளம் சறுக்கு வீரர்களும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் அவர்களில் இருந்தனர். 1994-இல் ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வென்று, பின்னர் பாஸ்டனில் பயிற்சியளித்துவந்த எவ்கேனியா ஷிஷ்கோவாவும் வாதிம் நௌமோவும் அவர்களில் இருவர். இந்தத் துயரத்தைச் சுமந்தபடி அமெரிக்க வீரர்கள் சொந்த மண்ணில் பனியில் இறங்குகிறார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த வாரத்தின் எந்த மதிப்பெண்ணையும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

மகளிர் ஷார்ட் புரோகிராமில் லியு 74.58 எடுத்து முதலிடம். சிபா 73.44, அமெரிக்காவின் இசபோ லெவிட்டோ 73.33. சகமோட்டோ 71.03 எடுத்து ஐந்தாவது. மூன்றரைச் சுற்று ஆக்ஸலில் விழுந்த கிளென் 67.65 எடுத்து ஒன்பதாவது. முதலுக்கும் ஐந்துக்கும் இடையே மூன்றரைப் புள்ளிதான்; மகளிர் ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரே ஒரு தாவல் கெட்டால் அது கரைந்துவிடும். சறுக்குத் திறனுக்கும் வெளிப்பாட்டுக்கும் சகமோட்டோ பெறும் கூறு மதிப்பெண்கள் எப்போதும் உயர்ந்தவை என்பதால் அவரை யாரும் கழித்துவிட முடியாது.

மார்ச் 27, வியாழன்

ஆடவர் ஷார்ட் புரோகிராமில் மாலினின் 110.41, ககியாமா 107.09, மூன்றாவதாக ஷைதோரோவ் 94.77. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே 12.32 புள்ளி இருப்பதைப் பார்த்து, முதல் இரண்டு இடங்கள் முடிந்துபோனவை என்று வர்ணனையாளர்கள் பேசுகிறார்கள். ககியாமாவின் சறுக்குத் திறனுக்கு இன்று உலகில் நிகர் இல்லை என்பதே என் கருத்தும். ஆனாலும் 2016-ஐப் பற்றி மேலே எழுதியதை அழிக்க மாட்டேன்.

ஜோடிப் பிரிவில் ஜப்பானின் ரிக்கு மியூராவும் ரியூய்ச்சி கிஹாராவும் 219.79 எடுத்துத் தங்கம். ஜெர்மனியின் மினெர்வா ஹாஸேவும் நிகிதா வோலோடினும் 219.08. இவ்வளவு நெருக்கம் இருந்தும் யாரும் இதை அதிர்ச்சி என்று அழைக்கவில்லை, அது சரியும்கூட. இரு ஜோடிகளும் மேலேதான் இருந்தன.

மார்ச் 28, வெள்ளி

லியு உலக சாம்பியன். ஃப்ரீ ஸ்கேட்டில் 148.39, மொத்தம் 222.97. சகமோட்டோ 146.95 எடுத்து ஐந்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறி 217.98-இல் நின்றார். சிபா 215.24 எடுத்து வெண்கலம். 2006-இல் கிம்மி மெய்ஸ்னர் வென்றபின் அமெரிக்கப் பெண் ஒருவர் இந்தப் பட்டத்தைப் பெறுவது இதுவே முதல் முறை.

மதிப்பெண் தாள் எனக்குக் காட்டியது அவருக்குப் பதக்கம் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே. அவர் சறுக்கிய விதத்தை அது சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு தாவலுக்குள்ளும் அவசரமில்லாமல், வேகத்தை விட்டுக்கொடுக்காமல் நுழைந்து, இறங்கியவுடன் அடுத்த அசைவுக்கு வழுக்கிச் சென்றார். பட்டத்துக்காகப் போராடுபவரின் இறுக்கம் உடலில் எங்குமே இல்லை. ஓய்வு பெற்றுச் சென்ற நாட்களில் அவர் பனியை விட்டு உண்மையாகவே விலகியிருந்தார், திரும்பி வந்தது அவருடைய சொந்த விருப்பத்தால். முன்கணிப்பில் இதற்கு எந்தப் புள்ளியும் ஒதுக்க முடியாது என்றாலும், இனி ஒருவருடைய பருவத்தைப் படிக்கும்போது அவர் எதற்காகச் சறுக்குகிறார் என்பதையும் சேர்த்தே படிப்பேன்.

மார்ச் 29, சனி

மாலினினின் 318.56-ஐ யாரும் நெருங்கவில்லை. இரண்டாம் இடம் ஷைதோரோவுக்கு: ஃப்ரீ ஸ்கேட்டில் 192.70, மொத்தம் 287.47. ககியாமா ஃப்ரீ ஸ்கேட்டில் 171.10 மட்டுமே பெற்று 278.19-க்கு இறங்கி வெண்கலம் வாங்கினார். 12.32 புள்ளி முன்னிலை நான்கு நிமிட நிகழ்ச்சியில் 9.28 புள்ளி பின்னடைவாக மாறியது. டெனிஸ் டென் 2015-இல் வென்ற வெண்கலத்துக்குப் பிறகு கஜகஸ்தான் ஆடவர் உலகப் பதக்க மேடையில் ஏறுவது இப்போதுதான்.

சியோலில் அவர் எடுத்தது 285.10, இங்கே 287.47. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாருக்கும் இது திடீரென்று வந்ததாகத் தோன்றாது. அவர் தன்னுடைய எண்ணைத்தான் எடுத்தார். வெள்ளியின் விலை அன்று அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. ககியாமாவின் முகத்தைப் பார்க்கத்தான் வருத்தமாக இருந்தது.

ஃபியரும் கிப்சனும் 207.11 எடுத்து வெண்கலம் பெற்றார்கள். 1984-இல் டோர்வில், டீன் ஜோடி வென்றதற்குப் பிறகு உலகப் போட்டியில் பிரிட்டனுக்குக் கிடைக்கும் முதல் பதக்கம் இது.

மார்ச் 31, திங்கள்

மிலானில் நடக்கவிருக்கும் 2026 ஒலிம்பிக்கில் எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதைப் பெருமளவு முடிவு செய்ததும் இந்தப் போட்டிதான். அந்தக் கணக்கை விட்டுவிட்டு ஒரு பெயரை எழுதிவைக்கிறேன்: ஜப்பானின் அமி நகாய். 2023 ஜூனியர் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றவர். மூன்றரைச் சுற்று ஆக்ஸல் அவரிடம் இருக்கிறது. சீனியர் போட்டிகளுக்கு ஜூலை 1-க்கு முன் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி; 2008 ஏப்ரலில் பிறந்த நகாய்க்கு அந்தக் கதவு அடுத்த பருவத்தில் திறக்கிறது. அவரைவிட அதிகம் பேசப்படும் மாவோ ஷிமதா அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் பிறந்தவர் என்பதால் மிலானுக்குப் போக முடியாது. சகமோட்டோ, சிபா ஆகியோரோடு போட்டியிட்டு நகாய் ஜப்பான் அணிக்குள் நுழைவதே முதல் கடினம். நுழைந்துவிட்டால், இரண்டரைச் சுற்று ஆக்ஸல் செய்பவர்களைவிட அந்த ஒரு தாவலில் மட்டும் 4.7 புள்ளி கூடுதலாக எடுக்கக்கூடிய ஒருவர் சீனியர் இடவரிசையில் எங்குமே இல்லாதவராக மிலானில் இறங்குவார். அவருடைய மதிப்பெண் தாள்களை இந்த இலையுதிர் காலத்தில் தொடங்கும் முதல் போட்டியிலிருந்தே சேர்த்துவைக்கப் போகிறேன்.