செல்லியின் பின்னால் நடக்கப் பழகும் பொட்டு

தை மாதக் கடைசியில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டிலிருந்து 55 நாள் நிறைந்த கன்னி இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, விளாத்திகுளம் வழியாகப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு சாயல்குடிக்கு வந்து சேர்ந்தேன். மேனி முழுவதும் கறுப்பு. இரு கண்களுக்கும் மேலே செவலை நிறத்தில் வட்டமாக இரண்டு புள்ளிகள் இருந்ததால் பொட்டு என்ற பெயர் அன்றைக்கே அமைந்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இருவர் இருக்கிறார்கள். செல்லி என்ற கன்னிப் பெட்டைக்குப் பதினொரு வயது. வீரன் என்ற சிப்பிப்பாறை இனக் கடுவனுக்கு ஒன்பது. மூக்கையூர்ப் பக்கம் உள்ள எங்கள் பனங்காட்டையும் ஆட்டுப் பட்டியையும் இத்தனை ஆண்டுகள் காத்தவர்கள் அவர்கள்தாம். கிழடுகள் இரண்டையும் வைத்துக்கொண்டு குட்டியை வேறு ஏன் சுமக்கிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. செல்லி நடமாடும்போதே குட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது.

கன்னியும் சிப்பிப்பாறையும் மோப்பத்தை நம்பி இரை தேடும் நாய்கள் அல்ல. கண்ணால் கண்டு விரட்டும் நாய்கள். தொலைவில் ஏதேனும் அசைந்தால் போதும், உடல் தானாகவே பாயும். என் அப்பா இளம் வயதில் இந்த நாய்களோடு முயலுக்கும் கௌதாரிக்கும் போனவர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991இல் வந்த திருத்தமும் வேட்டையை நிறுத்திவிட்டன. நாயின் இரத்தத்தில் ஊறிய ஓட்டத்தை எந்தச் சட்டத்தாலும் நிறுத்த முடியாது. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத மேலச்செல்வனூர்க் கண்மாய்க்குக் கூழைக்கடாவும் நாரையும் வந்து இறங்குகின்றன. பனங்காட்டுக்குள்ளேயே கௌதாரிகள் தரையில் குழி பறித்து முட்டையிடுகின்றன. இப்படிப்பட்ட நிலத்தில் வேட்டை நாய் வளர்ப்பவனுக்கு, நாயை நிற்கப் பழக்குவதே முதல் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்பா இன்றும் சொல்வார்: "ஓடுற நாய் ஊரு பூராம் கெடக்குடா. நிக்கிற நாயக் காட்டு, பாப்போம்."

வந்த புதிதில் குட்டியைத் தனியாகக் கட்டி வைத்தேன். பார்வோ என்ற குடல் தொற்றுநோயின் கிருமி ஒரு வீட்டு மண்ணில் மாதக்கணக்கில் தங்கக்கூடியது என்பதால், 16 வாரம் வரையிலான தடுப்பூசிகள் முடியும்வரை ஊர்த் தெருவில் அதன் கால் படவிடவில்லை. முதியவை இரண்டுக்கும் முறைப்படி ஊசி போடப்பட்டிருந்ததால், வீட்டு முற்றத்துக்குள் மட்டும் பழகவிட்டேன்.

அதிலும் ஒரு தவறு செய்தேன். இன்றும் நினைத்தால் மனம் வருந்துகிறது. ஒரு நாள் மீன் குழம்புக்கு வாங்கிய சூடைத் தலைகளை வேகவைத்து, மூன்று நாய்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். குட்டி தன் பங்கை விழுங்கிவிட்டுச் செல்லியின் தட்டில் வாயை வைத்தது. நான்கு மாதம் வரை குட்டிகள் செய்யும் குறும்பைப் பெரிய நாய்கள் பொறுத்துக்கொள்ளும். அந்தச் சலுகைக்காலம் அப்போது முடியும் தறுவாயில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. செல்லிக்கு இடது கண்ணில் நீலம் படர்ந்து, பக்கவாட்டில் வருவது சரியாகத் தெரிவதில்லை. திடுக்கிட்டுத் திரும்பிக் கவ்வியதில் குட்டியின் காது நுனி கிழிந்தது. குற்றம் செல்லியுடையதும் அல்ல, குட்டியுடையதும் அல்ல. அன்றிலிருந்து மூவருக்கும் மூன்று இடம். செல்லிக்குத் திண்ணை, வீரனுக்கு வேம்படி, குட்டிக்குக் கயிற்றோடு கொட்டில். கம்பங்கூழானாலும் மீனானாலும் செல்லி உண்டு எழுந்த பிறகே கயிற்றை அவிழ்க்கிறேன்.

வைகாசியில் ஒரு காலை நேரம். வெயில் ஏறுவதற்கு முன்பே, மணல் குளிர்ந்திருக்கையில், செல்லியையும் குட்டியையும் அழைத்துக்கொண்டு இளம்பனை வடலிக் காட்டுக்குள் நடந்தேன். குட்டியின் கழுத்தில் இருபது அடிக் கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. உடைமரத்தின் அடியிலிருந்து கௌதாரி ஒன்று, பறக்காமல், தலையைத் தாழ்த்திக்கொண்டு குடுகுடுவென்று ஓடியது. பின்னால் கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள் நான்கைந்து. செல்லி நின்றது. முன்கால் ஒன்று மணலிலிருந்து பாதி எழுந்தபடி அந்தரத்தில் இருந்தது, வால் அசையவில்லை, விலா எலும்புகளுக்கு மேலே தோல் மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. குட்டி பாய்ந்தது. நான் கயிற்றை மிதிப்பதற்குள் பாதித் தொலைவு போய்விட்ட அது, தன்னோடு செல்லி வரவில்லை என்பதை உணர்ந்து, ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. அந்தத் திரும்பிப் பார்த்தலுக்குள் குஞ்சுகள் முள்ளுக்குள் மறைந்துவிட்டன. "நில்லு" என்று நான் தாழ்ந்த குரலில் சொன்னேன். சொல்லாமலேயே அது நின்றிருந்தது. தூக்கிய காலைச் செல்லி இறக்கி வைத்த பிறகே குட்டியும் வாலை ஆட்டிக்கொண்டு அதன் தாடையை நக்க ஓடி வந்தது.

அதன்பின் ஐந்தாறு முறை இதே போல நிகழ்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் குரல் கொடுத்து, நின்றவுடன் வேகவைத்த ஈரலில் ஒரு துண்டு கொடுக்கிறேன். கயிற்றை இன்னும் கழற்றவில்லை. பதினெட்டு மாதம் நிறைந்து எலும்புகள் முதிரும்வரை நெடுந்தூரம் ஓடவிடுவதாகவும் இல்லை. பால்பற்கள் 28ம் விழுந்து புதியவை முளைத்துவிட்டதால் எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கும் அடம் மட்டும் குறைந்திருக்கிறது. தினமும் சீமைக்கருவேல முள் ஏறியிருக்கிறதா என்று மூன்று நாய்களின் பாதங்களையும் விரல் விட்டுப் பார்க்கிறேன். காதுக்குள் உண்ணி தேடுவதும் அப்போதே முடிந்துவிடும்.

வீரன் இந்த நடைகளுக்கு வருவதில்லை. பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. வலிக்குக் கால்நடை மருத்துவர் எழுதிய மருந்தை மட்டுமே கொடுக்கிறேன். மனிதர்கள் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை நாயின் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும் என்பதை நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். குட்டியைப் பழக்குவதில் முழுப் பொழுதும் போய்விடக் கூடாது என்று, சாயங்காலம் அரை மணி நேரம் வீரனுக்கென்றே ஒதுக்கி, குட்டியைக் கட்டிவிட்டு அதன் அருகில் உட்கார்ந்து இடுப்பை நீவிவிடுகிறேன். அந்நேரம் கடற்காற்று ஏறும்; வீரன் மூக்கை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொள்ளும். குட்டி கயிற்றின் நுனியில் இழுத்து முனகும். சில நாட்களில் செல்லி திண்ணையிலிருந்து மெல்ல இறங்கி வந்து, குட்டிக்கும் எங்களுக்கும் நடுவே படுத்துக்கொள்கிறது. குட்டியின் முனகல் அதோடு நின்றுவிடுகிறது.