எட்டு, ஆறு, எட்டு, ஆறு

அடிமைக் கப்பலுக்குத் தலைவராக இருந்த ஜான் நியூட்டன், 1764-இல் இங்கிலாந்தின் ஓல்னி ஊருக்குக் குருவானவராக வந்தார். சபையார் பலர் லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள். அவர்களுடைய ஜெபக்கூட்டங்களுக்காக அவரும் கவிஞர் வில்லியம் கூப்பரும் எழுதிய பாட்டுகள் 1779-இல் நூலாயின. மொத்தம் 348. பாட்டு எளிமையாக, தெளிவாக இருக்க வேண்டும், அலங்காரத்தை மிகக் குறைவாகவே சேர்க்க வேண்டும் என்று முன்னுரையில் நியூட்டன் எழுதினார். எளிமை என்றால் சுலபம் என்று பொருளல்ல.

1773 ஜனவரி 1 அன்று நியூட்டன் செய்த பிரசங்கத்தை எடுத்துக்கொள்வோம். பைபிள் வசனம் 1 நாளாகமம் 17:16, 17. ‘இதுவரைக்கும் கொண்டுவந்ததற்கு நான் எம்மாத்திரம்’ என்று தாவீது ராஜா கடவுளிடம் கேட்கும் இடம். அதற்காக எழுதியதுதான் ‘அமேசிங் கிரேஸ்’. ஆறு சரணம். மூன்றாவது சரணத்தைக் கவனியுங்கள். முதல் இரண்டு அடியில் கடந்துவந்த ஆபத்துகள். மூன்றாம் அடியில் கிருபை இதுவரை கொண்டுவந்தது. நான்காம் அடியில் அதே கிருபை வீடு சேர்க்கும். தாவீதின் ‘இதுவரைக்கும்’ அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. பாட்டு திரும்பும் இடமும் அதுதான். இன்று கடைசியாகப் பாடும் ‘பத்தாயிரம் ஆண்டு’ சரணம் நியூட்டனுடையதல்ல.

பாட்டின் அளவு 8.6.8.6, அதாவது நான்கு அடிகளில் முறையே எட்டு, ஆறு, எட்டு, ஆறு அசை. சரணத்துக்கு 28 அசைதான். ஆங்கிலத்தில் ஒவ்வோர் அடியும் அழுத்தமில்லாத அசையில் தொடங்கி அடுத்ததில் அழுந்த வேண்டும். ஏதோ ஒரு சரணத்தில் மாறினாலும் ராகம் தவறான அசையை அழுத்தும், சபை தடுமாறும். புத்தகம் இல்லாத சபைகளில் ஒருவர் அடி அடியாகச் சொல்ல, மற்றவர்கள் பாடுவார்கள். ஆகவே பொருளும் அடியோடு முடிய வேண்டும். பாதியில் நின்றால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது.

அளவு சரியாக இருந்தால் ராகம் பிறகு வரலாம். இன்று நாம் பாடும் ‘நியூ பிரிட்டன்’ ராகம் இந்த வரிகளோடு சேர்ந்தது 1835-இல். நியூட்டன் 1807-லேயே இறந்துவிட்டார்.

இதே ராகங்களுக்குத் தமிழில் பாமாலை எழுதும்போது சிக்கல் வேறு. அசையை எண்ணினால் மட்டும் போதாது, குறில் நெடில் பார்க்க வேண்டும். நீளும் சுரத்தில் குறில் விழுந்தால் ‘மனம்’ ‘மானம்’ ஆகிவிடும், ‘பலன்’ ‘பாலன்’ ஆகிவிடும். எழுதிய கையோடு வாய்விட்டுப் பாடிப் பார்த்து, நீளும் இடத்தில் நெடில் உள்ள சொல்லைத் தேடி வைக்க வேண்டும்.