டிபி மாத்திரை முடிந்தபின் பால்வெட்டுக்குத் திரும்பியது

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு என் தொழில். காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை முடித்தவன். முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் பைரசினமைடு போக மீதி மூன்று. ரிபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட ஒன்றுமில்லை. சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்றுதான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் அம்மா, "மக்களே, சொகமாச்சுல்லா, இனி வேலைக்குப் போலாம்லா" என்றாள். தோட்டக்காரரும் உடனே வரச் சொன்னார். ஆனால் கிருமி செத்தாலும் நுரையீரலில் தழும்பு நிற்கும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முன்னூறு மரத்தில் பட்டையைக் கீறி வெட்டி, பாலெடுத்துச் சுமந்து, அதை உறைய வைத்து ரப்பர் ஷீட்டும் அடிப்பதற்கு அந்த உடம்பு தாங்காது.

படுத்திருந்த நாட்களில் இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். மருந்தே இல்லாத காலத்தில், 1905 வாக்கில், இங்கிலாந்தில் ஃபிரிம்லி சானடோரியத்தில் (காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கித் தேறும் மருத்துவமனை) மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் நோயாளிகளைப் படிப்படியாக வேலைக்குப் பழக்கினார்: முதலில் நடை, பிறகு கூடையில் மண் சுமப்பது, சின்ன மண்வெட்டி, பெரிய மண்வெட்டி, கடைசியில்தான் பிக்காசு. காய்ச்சல் தலைகாட்டினால் வேலையை நிறுத்திப் படுக்க வைத்துவிடுவார். அப்படித் தேறியவர்களும் பழைய கூலிவேலைக்கும் நெருக்கமான வீட்டுக்கும் திரும்பியதும் மறுபடி விழுந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வேரியர் ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1918இல் அங்கேயே பேப்வொர்த் என்ற ஊரில் ஒரு குடியிருப்பே அமைத்தார், குடும்பத்தோடு வீடு, தச்சுப் பட்டறை, பெட்டி செய்யும் வேலை எல்லாம் அங்கேயே. நம் பக்கம் மருத்துவர் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். 1956இல் சென்னையில் ஆரம்பித்த ஆய்வு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே சானடோரியம் அளவுக்குக் குணமாகலாம் என்று காட்டியது. என்னைப் போன்ற கூலிக்காரனுக்கு அது பெரிய விடுதலை. ஆனாலும் தேறியவனை மெல்ல மெல்ல வேலையில் விடும் அந்தப் பழைய அக்கறையும் சானடோரியத்தோடு போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்தான்.

சரி, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நானே படி வைத்தேன். முதலில் சானல்கரையில், அதாவது வாய்க்கால் கரையில், காலையும் மாலையும் நடை மட்டும். மூச்சு சீரானபின் பாதி மரம் வெட்டினேன். "அத்தான், பாலை நான் சுமக்கேன், நீங்க வெட்டினா போதும்" என்று மச்சினன் கூட வந்தான், மீதி மரமும் அவன்தான். கூலியில் பாதி அவனுக்கு என்று தோட்டக்காரரிடம் முதலிலேயே பேசிவிட்டதால் மரம் கைவிட்டுப் போகவில்லை. சாயங்காலம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பேன், உடம்பு சுட்டால் மறுநாள் வெட்டு கிடையாது. சுமடும் ஷீட் அடிப்பதும் கடைசியாகத்தான்.

மாத்திரை முடிந்தபின்னும் 2 வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு, கூப்பிடாவிட்டாலும் நீங்களே போங்கள். இடையில் இருமல் இரண்டு வாரம் நீண்டாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.