ஒரே அம்மா, இரண்டு பதிவு

"ஆன்ட்டி, நீங்க லெட்சுமியா, லக்‌ஷ்மியா?"

இன்று பினாங்கில் ஒரு கிளினிக் கவுண்டரில் அம்மாவிடம் கேட்டார்கள். கணினியில் இரண்டு பேருமே இருந்தார்கள்.

பெனிசிலின் ஒவ்வாமை என்ற சிவப்பு வரி ஒருவரிடம் மட்டும்.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

நம் பெயர்களை எழுதுகிறவர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதுவார்கள். ஐசி நம்பர், அதாவது மலேசிய அடையாள அட்டை எண், அப்படியல்ல. 12 இலக்கம்; முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம். ஓர் ஆளுக்கு ஒன்றுதான். 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் தரவை அட்டவணைகளாக வைக்கச் சொன்னபோதே, வரிகளைப் பிரித்தறிய, ஒரு வரிக்கு இருப்பது இன்னொன்றுக்கு வராத முதன்மைச் சாவி ஒன்றையும் சேர்த்தே சொன்னார். பெயரைச் சாவியாக்கினால் உயிரோடு விளையாடுவதுதான்.

இரண்டையும் ஒன்றாக்கும்வரை நான் நகரவில்லை. அப்புறம் திரையில் ஒரே லெட்சுமி, அந்தச் சிவப்பு வரியோடு.