56 கண்ணிக் குல்லா

போன வருஷம் அக்கா மகளுக்கு 32 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பையன் 1.6 கிலோ. அவனுக்காக நான் பின்னிய குல்லா, காலுறை, ஸ்வெட்டர் எல்லாம் அப்போது என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தன. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் புதுத்துணி சேர்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அதனால் நான் பின்னுவது அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துவிட்டு வந்து அந்தக் குல்லாவை எடுத்தேன். போட்டால் மூக்கு வரைக்கும் இறங்கும்.

ஒரு வாரம் போனதும், கங்காரு பராமரிப்பைத் தொடங்கலாம் என்றார் சிஸ்டர். டயப்பர், குல்லா, காலுறை மட்டும் போட்டு, குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்ந்தாற்போல் படுக்க வைத்து மேலே துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வதுதான் அது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கி வைத்த முறை, இன்குபேட்டர்கள் போதாமல் கைக்குழந்தைகள் தவித்த இடத்தில். குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு அதிகம் இருக்காது, உடம்போடு பார்த்தால் தலை பெரியது, சூடு அந்த வழியாகவே நிறையப் போய்விடும். "பருத்தியில ஒரு குல்லா வேணும்மா, தலையைப் பிடிச்ச மாதிரி இருக்கணும்" என்றார் சிஸ்டர். நான் பின்னுவேன் என்று அவருக்குத் தெரியாது. அக்கா என்னைப் பார்த்தாள்.

அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். 4 மி.மீ. ஊசியில் என் கைக்கு அந்தப் பருத்தி நூல் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், வரும். அவன் தலைச் சுற்றளவு 29 செ.மீ. குல்லா தலையைவிட மூன்று நாலு செ.மீ. குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும், அதனால் 56 கண்ணி. பருத்தி நூல் கம்பளி மாதிரி இழுத்துக் கொடுக்காது, ஆகவே விளிம்பு மட்டுமில்லாமல் மேலே கண்ணி குறைக்கத் தொடங்கும் வரைக்கும் இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (புரட்டுக் கண்ணி) என்று, இழுத்தால் விரிந்து சுருங்கும் ரிப் பின்னலாகவே கொண்டுபோனேன். தட்டையாகப் பின்னி ஓரம் தைத்தால் அந்தத் தையல் தலையில் அழுந்தும் என்பதால் ஐந்து ஊசி வைத்து வட்டமாகப் பின்னினேன், நாலில் கண்ணி, ஒன்றில் பின்னல். விடிவதற்குள் முடிந்தது. துவைத்து, மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டு, மத்தியானம் கொண்டுபோனேன்.

பல வருஷமாகக் குழந்தைகளுக்குப் பின்னிக் கொடுக்கிறேன், ஆனால் யாருக்கு, எந்த மாதத்தில், எந்த ஊரில் என்று யோசித்துப் பின்ன வேண்டும் என்பது அதற்கு முன்னால் ஒரு தப்பினால்தான் புரிந்தது. மதுரையில் ஒரு சிநேகிதிக்குச் சித்திரையில் குழந்தை பிறந்தது. அக்ரிலிக் உல்லனில், பூ வேலையெல்லாம் செய்து, பிறந்த குழந்தை அளவில் ஒரு ஸ்வெட்டர் கொடுத்தேன். மதுரை வெயிலில் யார் போடுவார்கள்? கொஞ்சமாவது குளிர் வருகிற மார்கழியில் அந்தப் பிள்ளைக்கு எட்டு மாதம், கை உள்ளேயே நுழையாது. மூன்று வாரம் உழைத்தது ஒரு நாள்கூட அவள் உடம்பில் ஏறவில்லை, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

அப்புறம் நான் முதலில் எடுப்பது காலண்டரைத்தான். பிறக்கும் மாதத்திலிருந்து எண்ணிக்கொண்டு போய், குளிர் வரும்போது பிள்ளைக்கு எத்தனை மாதம் இருக்கும் என்று பார்த்து அந்த அளவுக்குப் பின்னுகிறேன். சென்னை, மதுரை, திருச்சி என்றால் பருத்தி மட்டும்தான், அதுவும் கை இல்லாத சட்டை. கம்பளி ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்ப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தைத் துணியில் ஓட்டை ஓட்டையாக வரும் லேஸ் வேலை பார்க்க அழகுதான், ஆனால் கையுறையிலும் காலுறையிலும் வேண்டாம். விரல் மாட்டிக்கொள்ளும். உள்பக்கம் நூல் தொங்கினாலும் அப்படித்தான், ஒரு இழை விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும், பிள்ளைக்கு அழ மட்டும்தான் தெரியும். அதனால் முடித்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, என் சுண்டுவிரலை ஒவ்வொரு இடமாக விட்டுப் பார்ப்பேன். கழுத்தில் கட்டும் நாடா வைப்பதில்லை. பொத்தானும் இல்லை, பிய்ந்து வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும், அதற்குப் பதிலாகத் தோளில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படிகிற மாதிரி கழுத்தைப் பின்னிவிட்டால் தலை சுலபமாக நுழையும். கொடுக்கும்போது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்: நல்லபடியாகப் பிறந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம், உடம்பு சூடாகிவிடும். பாட்டிமார் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள், பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொடுக்கும் பொருளைத் துவைக்கிறவள் தூக்கமில்லாத ஒரு அம்மா என்பதையும் நினைத்துப் பாருங்கள். தனியாகக் கையால் அலசி, நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டிய கம்பளியை அவளுக்குக் கொடுப்பது அவளுக்கு ஒரு வேலை கொடுப்பதுதான். வாஷிங் மெஷினில் போட்டால் சுருங்காத நூலாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். குல்லா போட்டு அவனை அவள் நெஞ்சில் படுக்க வைத்த அன்று, வெள்ளைக் குல்லாவும் அதற்குக் கீழே ஒரு காதும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "சித்தி, இது இவனுக்குன்னே அளந்து செஞ்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். துவைக்க ஒன்று, போட ஒன்று வேண்டுமே என்று அடுத்த இரண்டு ராத்திரியில் இன்னும் இரண்டு பின்னினேன். பீரோவில் இருந்த பெரிய குல்லாவை அவன் மூன்றாம் மாதத்தில் போட்டுக்கொண்டான்.

இப்போது என் ஊசியில் 84 கண்ணி இருக்கிறது. ஊட்டியில் இருக்கும் சிநேகிதி மகளுக்கு ஆடியில் பிரசவம், உறைபனி விழும் தை மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். பெண்ணா பையனா தெரியாது, மஞ்சள் நூல் எடுத்திருக்கிறேன்.