வலமிருந்து திறக்கும் புத்தகங்கள்

அகதிப் பிள்ளைகளுக்கு நூலகம் என்று சொன்னதும் வந்து குவிவது பழைய ஆங்கிலப் பாடப்புத்தகங்களும் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வினாத்தாள் தொகுப்புகளும்தான். கொடுப்பவர்களின் மனம் நல்லது. ஆனால் அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை. நீர்கொழும்பிலும் கொழும்பின் புறநகர்களிலும் இருக்கும் அகதிகளில் பெரும்பாலானோர் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த குடும்பங்கள். மியன்மாரைச் சேர்ந்த சில ரோஹிங்கியாக் குடும்பங்களும் உண்டு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கைச்சாத்திடவில்லை. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலையில் சேர முறையான வழி இல்லை. பல பிள்ளைகள் வீட்டில் உருதுவோ, ஆப்கானிஸ்தானின் தாரி மொழியோ சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டத்தான் தெரியாது. ஆகவே ராக்கைக்கு ஆசாரியைத் தேடுமுன் ஒவ்வொரு பிள்ளையும் எந்த எழுத்தை எவ்வளவு வாசிக்கும் என்று இருந்து பார்த்துவிடுங்கள்.

முப்பது பிள்ளைகளுக்கு 150 புத்தகங்கள் போதும். அதில் பாதிக்கு மேல் அவர்களுடைய மொழியில் இருக்க வேண்டும், மிச்சம் தமிழ், சிங்களம், ஆங்கிலம். தமிழ், சிங்களப் படக்கதைகளைக் குறைத்துவிடாதீர்கள், தெருவிலும் கடையிலும் அவர்கள் கேட்பது அந்த மொழிகளைத்தான். ரோஹிங்கியா மொழியில் அச்சான சிறுவர் நூல் கிடைப்பது அரிது, அங்கே எழுத்தில்லாப் படப்புத்தகங்கள் கைகொடுக்கும். வயதை வைத்துப் பிரிக்க வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ‘5 வயதுக்கு’ என்று போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளை மறுநாள் வராது. வாசிப்பு நிலைக்கு ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

மருதானை விஜேவர்த்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலமும் சிங்களமும் தாராளமாகக் கிடைக்கும். உருது, தாரி நூல்களை நாமேதான் அச்சிட வேண்டும். ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையத்தளத்தில் உருதுக் கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, கதையை எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களை நீக்காமல் அச்சிட்டுக்கொள்ளலாம். பதினாறு பக்கக் கதை என்றால் நாலு ஏ4 தாள், இரு பக்கமும் அச்சு, நடுவில் மடித்தால் ஏ5 புத்தகம். பக்க எண்ணிக்கை நாலால் வகுபடாவிட்டால் வெற்றுப் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிழை வருவது இங்கேதான். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் உருதுப் புத்தகத்துக்கு முதுகு வலப்பக்கம். அடோபி ரீடரில் புக்லெட் என்று கொடுத்துவிட்டு பைண்டிங்கை ‘ரைட்’ என்று மாற்ற மறந்தால், கதையின் முடிவு முன்னட்டைக்குள் வந்து நிற்கும். தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரு பிரதி மட்டும் எடுத்து, உருது தெரிந்த ஒரு தாயிடம் காட்டிய பிறகு மிச்சத்தை அச்சிடுங்கள். நாமே தட்டச்சு செய்யும் உருதுக் கதைக்கு நஸ்தலீக் என்ற உருது எழுத்து வடிவத்தில் அமைந்த எழுத்துரு வேண்டும், நோட்டோ நஸ்தலீக் இலவசம். அந்த எழுத்து சரிந்து இறங்கும் என்பதால் வரி இடைவெளியை ஏறக்குறைய இரட்டிப்பாக்காவிட்டால் புள்ளிகள் வெட்டுப்படும். ஆப்கானிஸ்தானின் இன்னொரு மொழியான பஷ்தோவுக்குத் தனி எழுத்துகள் உண்டு, உருது எழுத்துருவில் அவை கட்டம் கட்டமாக வரக்கூடும்.

ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அது துருப்பிடித்து மடிப்பையே தின்றுவிடும். நூலால் தைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். மடிப்பில் மூன்று துளை, அரை மீட்டர் பருத்தி நூல். உள்ளேயிருந்து நடுத்துளையால் வெளியே, மேல்துளையால் உள்ளே, உட்புறமாகவே இறங்கிக் கீழ்த்துளையால் வெளியே, மீண்டும் நடுத்துளையால் உள்ளே. நூலின் இரு நுனியும் நடுவில் ஓடும் நீள நூலுக்கு இரு பக்கமும் நிற்க, அதை அணைத்து முடிச்சுப் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இதை நம்மைவிட நேர்த்தியாகச் செய்வார்கள்.

அலுமாரி செய்யப் பணம் இருந்தாலும் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் அகதிக் குடும்பங்கள் வாடகை வீடுகளிலிருந்து ஒரே நாளில் வெளியேற்றப்பட்டதை நாம் பார்த்தோம். அரை மணித்தியாலத்தில் கட்டித் தூக்கக்கூடிய நூலகமே இவர்களுக்கு ஏற்றது. புறக்கோட்டையில் விற்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் ஐந்து, ஒவ்வொன்றிலும் முப்பது புத்தகம், அட்டை முன்னே தெரிய நிறுத்தி. பெட்டி பெரிதென்று நிரப்பினால் பெண்கள் தூக்க முடியாது. இரவில் மூடுமுன் புத்தகம் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஈரத்தோடு மூடினால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நாப்தலீன் குழந்தைகளுக்கு, அதிலும் சில பரம்பரை இரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு, ஆபத்து.

வெளியே ‘அகதிகள் நூலகம்’ என்று பலகை மாட்டாதீர்கள். அயல் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் வீட்டுக்காரரும் தெருவும் அமைதியாக இருக்கும், பிள்ளைகளுக்குத் தோழர்களும் கிடைப்பார்கள். பதிவுக் கொப்பியில் பிள்ளையின் அழைக்கும் பெயர், புத்தக எண், திகதி, இவ்வளவே. யூஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் நிறுவனம்) அட்டையின் எண்ணோ பிரதியோ வாங்கக் கூடாது, அந்தக் கொப்பி யார் கைக்கும் போகலாம். முகம் தெரியும் படங்களை முகநூலில் போடுவதும் அப்படியே. புத்தகம் பிந்தினாலோ தொலைந்தாலோ தண்டப்பணம் என்று வைத்தால் கடன்பட்ட குடும்பம் பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திவிடும்.

மூன்றாம் நாட்டுக்கு மீள்குடியேற்றம் கிடைத்ததும் குடும்பங்கள் திடீரென்று புறப்படும். பிள்ளையின் பையோடு ஒரு புத்தகமும் போகும், கேட்கக் கூடாது. அதனால்தான் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் கதைகளை அச்சிடும்போதே மூன்று பிரதி தைத்து வைக்கச் சொல்கிறோம்.