நெருக்கித் தைத்தால் போதுமா?

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு அடிக்கடி வரும் புகார், "தையல் எட்ட எட்ட இருக்குதே, கொஞ்சம் நெருக்கிப் போட்டிருக்கக் கூடாதா?" என்பதுதான். நெருக்கிப் போட்டால் நேர்மையான வேலை, எட்டப் போட்டால் டெய்லர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு நினைப்பு. அதில் பாதிதான் உண்மை.

சாதாரணக் காட்டன் ஜாக்கெட், சுடிதாருக்கு ஒரு தையலின் நீளம் 2.5 மி.மீ., அதாவது அங்குலத்துக்குச் சுமார் 10 தையல். யோசிக்கவே வேண்டாம். ஜார்ஜெட், ஷிஃபான் வந்தால் 2-க்கு இறக்கி, ஊசியையும் 14-ம் நம்பரிலிருந்து மெல்லிய 11-க்கு மாற்றுவேன். ஊசியை மாற்றாமல் தையலை மட்டும் சின்னதாக்கினால் துணி சுருங்கித்தான் வரும். ஜீன்ஸுக்கு 3, மேல் தையலுக்கு 3.5. ரெக்ஸின் பைக்கு 4. துணியில் இழை விலகி ஊசிக்கு வழிவிடும். ரெக்ஸினில் ஓட்டை ஓட்டைதான். நெருக்கிப் போட்டால் அந்தக் கோட்டிலேயே கிழியும். பனியன் துணி என்றால் பேச்சே இல்லை, ஓரத்தைப் பின்னித் தைக்கிற ஓவர்லாக் மிஷினுக்கு அனுப்பிவிடுவேன்.

பட்டில்தான் நிதானம் வேண்டும். இந்தப் பக்கம் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிற வீடுகள் நிறைய. தர்மபுரி அங்காடியில் கூடு விற்றுவிட்டு வருகிறவர்களுக்குப் பட்டின் அருமை தெரியும். "அக்கா, கெட்டியாப் போடுங்க, பிரியவே கூடாது" என்பார்கள். சரி. ஆனால் கல்யாண ஜாக்கெட்டை ரெண்டு வருஷத்தில் பக்கவாட்டில் பிரித்துவிட வேண்டி வரும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1.5-ல் தைத்த பட்டைப் பிரித்துப் பாருங்கள்: பிளேடு நூலோடு இழையையும் சேர்த்து அறுக்கும், ஊசித்தடம் எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. அதனால் தோள், கைக்குழிக்கு 2. பக்கத் தையலுக்கு 2.5, உள்ளே 1 அங்குலம் துணி விட்டு. இழுவை விழுகிற கைக்குழியில் இரண்டு வரிசை ஓட்டுவேன். நெருக்குவதைவிட அதுதான் தாங்கும்.

வேலை பழக வரும் பெண்கள் குழம்புவது வேறு இடத்தில். என் பழைய கறுப்பு மிஷினில் தையல் நீளத்தை மாற்றுகிற லிவர் பக்கத்தில் இருக்கிற எண், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பது. எண் கூடக் கூடத் தையல் சின்னதாகும். மோட்டார் மிஷினில் மில்லிமீட்டர். எண் கூடினால் தையல் பெரிதாகும். "எண்ணைக் கூட்டி வையி" என்றதும் "எந்த மிஷின்லக்கா?" என்று கேட்கிற பெண் தேறிவிடுவாள்.

எண்ணையும் முழுசாக நம்ப முடியாது. அடியில் துணியை நகர்த்துகிற பல் தேய்ந்திருந்தால், தடித்த மடிப்பில் ஏறும்போது துணி நகராமல் 2.5 வைத்த இடத்தில் 1.5 விழும். வெட்டியதில் மிஞ்சிய துண்டை எடுத்து, ஜாக்கெட்டில் எத்தனை மடிப்பு வருமோ அத்தனை மடித்து ஓட்டி, ஸ்கேலை வைத்து எண்ணுவேன். அரை நிமிஷ வேலை. அங்குலத்துக்கு 10 விழுந்தால்தான் ஜாக்கெட்டை ஊசிக்கு அடியில் வைப்பது.